நம்பிக்கைகளும் உண்மைகளும்: பாரமான பற்றரி

இறக்காமக் குளத்தைச் சூழ்ந்த வயல்வெளிகளில் பெரும்போகத்தின் முதலுழவு நெருங்கி, ஓய்ந்து கிடந்த உழவு இயந்திரங்களின் தார்ப்பாயை நீக்கித் தூசு தட்டும் காலம் வந்துவிட்டால், வரிப்பத்தான்சேனையின் தேநீர்க்கடைகளிலும், எரிபொருள் நிலையத்திலும், பள்ளிவாசல் முன்றலிலுங்கூட ஒரே உபதேசம் என் செவியில் விழுந்துகொண்டே இருக்கிறது: "பாரமான பற்றரியாப் பாத்துப் போடுங்க காக்கா, அஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பாக்கத் தேவல்ல." 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்ட அந்தத் துர்க்காலத்தில், வசதி படைத்தோர் வீடுகளுக்கு வந்து சேர்ந்த இன்வேர்ட்டர் பற்றரிகள் இப்போது வேலையின்றி மூலையில் கிடப்பதால், அவற்றைத் தூக்கி மெசினில் வைத்துவிட்டால் உழவுக்கும் ஆயிற்று, செலவும் மிச்சம் என்ற யோசனையும் இவ்வுபதேசத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த அபிப்பிராயம் பிழையானது. இரசாயனம் கற்பித்தவன் என்ற உரிமையில் இதை நான் எத்தனையோ பேரிடம் எடுத்துச் சொல்லியும், கேட்டுத் தலையசைத்தவர்களே மறுவாரம் கடையில் பற்றரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து நிறையை மதிப்பிடுவதைக் காணும்போது எனக்குக் கோபமே வருகிறது. பூசணிக்காய் வாங்கும் முறையில் பற்றரி வாங்கலாகாது.

ஈயத் தகடுகளைச் சல்பூரிக்கமிலத்தில் தோய்த்து மின்சாரத்தைச் சேமிக்கும் வித்தையைப் பிரான்ஸ் தேசத்துக் கஸ்தோன் பிளாந்தே 1859இல் கண்டறிந்தார். அதன் மூலதத்துவம் இன்றும் மாறவில்லை. ஆனால் செய்யவேண்டிய வேலைக்கு ஏற்பத் தகட்டின் அமைப்பு மாறுகிறது. டீசல் எஞ்சினைக் கிளப்பும் பற்றரி, உருளைக்குள் காற்றைப் பதினாறு பதினெட்டு மடங்கு அமுக்கும் எதிர்ப்பை வென்று சுழற்றவேண்டியிருப்பதால், சில விநாடிகளுக்குள் சில நூறு அம்பியரைக் கொட்டியாகவேண்டும். அதற்காகவே மெல்லிய தகடுகள் பல நெருக்கமாக அடுக்கப்பட்டு, அமிலம் தீண்டும் பரப்பு பெருக்கப்பட்டிருக்கிறது. வீட்டு மின்குமிழையும் மின்விசிறியையும் மணிக்கணக்காக இயக்கும் இன்வேர்ட்டர் பற்றரியோ, சிறிய மின்னோட்டத்தை நீண்ட நேரம் நிதானமாகத் தருவதற்கென்று தடித்த தகடுகளால் ஆனது. அது ஐம்பது கிலோவுக்குக் குறையாமல் பாரிப்பது அந்தத் தடிப்பினாலேயன்றி எஞ்சினைக் கிளப்பும் வல்லமையினால் அன்று. புதிதாயிருக்கையில் அது எஞ்சினைக் கிளப்பவும் கூடும். சற்றுப் பழகியபின் ஸ்டார்ட்டரை அழுத்தியதும் அதன் வோல்ற்றளவு சடுதியாக விழுந்து, வெறும் 'டக், டக்' ஓசை மாத்திரமே மிஞ்சும்.

கணக்கொன்றைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டர் 300 அம்பியரை மூன்று விநாடி இழுத்தால் செலவாவது 900 அம்பியர்-விநாடி, அதாவது ஓர் அம்பியர்-மணியின் காற்பங்கு. இதை ஓல்டனேட்டர் சில நிமிடங்களில் ஈடுசெய்துவிடும். காற்பங்கு அம்பியர்-மணிச் செலவுக்காக 150 அம்பியர்-மணிப் பற்றரியைச் சுமந்து திரிவதில் என்ன பிரயோசனம்? அம்பியர்-மணி என்பது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதன் அளவு. எத்தனை வேகமாகக் கொட்டும் என்பதை அது சொல்லாது.

அப்படியாயின் பாரமான பற்றரி போட்டவருக்கு முதலிரண்டு போகமும் நன்றாக ஓடியதே என்பார்கள். புதிய பற்றரி எதுவாயினும் முதலிரண்டு போகம் ஓடத்தான் செய்யும். பழையது செத்ததற்குக் காரணம் அதன் சிறுமை என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. சிறுபோக வெள்ளாமை முடிந்தபின் இயந்திரம் வாரக்கணக்கில் கொட்டிலில் நிற்க, ஓகஸ்ட் மாதத்து வெக்கையில் பற்றரி தானாகவே மெல்ல மெல்ல மின்னிழந்துகொண்டிருக்கிறது. வெப்பம் பத்துப் பாகை கூடினால் இவ்விழப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். மின்னிழந்த தகடுகளிற் படியும் ஈயசல்பேற்று முதலில் நுண்துகளாக இருந்து, நாட்செல்லச் செல்லப் பெரும்பளிங்காக இறுகிவிட, அதன்பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது கரைந்து மீள்வதில்லை. பெரும்பாலான பற்றரிகள் எங்கள் ஊரில் உழைத்துச் சாகவில்லை, சும்மா கிடந்தே சாகின்றன. எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவைத்து, மாதத்துக்கொருமுறை சார்ஜ் ஏற்றினால் தீரும் விஷயம் இது.

இரண்டாவது காரணம் அதிர்வு. மெசின் ஒரு வயலிலிருந்து மறுவயலுக்கு வரம்பேறி இறங்கும்போது பற்றரிப் பெட்டியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தட்டத்துக்குப் பெரிதாகிய பற்றரியை இறுக்க இரும்புப் பட்டி எட்டாததால் நைலோன் கயிற்றால் கட்டியிருப்பார்கள். கயிறு தளர்ந்து, ஒவ்வொரு குலுக்கலிலும் பெட்டி அரையங்குலம் எழும்பி விழும். முனைக்குமிழைச் சுற்றி வெண்பச்சை நிறத்தில் அமிலப் பொருக்குப் பூத்திருக்கும். உள்ளே தகட்டிலிருந்து உதிர்ந்த பசை அடியில் சேறாகப் படிந்து, ஒருநாள் இரு தகடுகளை இணைத்துவிட்டால் அந்தச் செல் முடிந்தது. பாரம் கூடக்கூட இந்தக் குலுக்கலின் மோதலும் கூடுமேயன்றிக் குறையாது.

எண்ணைப் பார்த்து வாங்குகிறோம் என்போருக்கும் ஒரு வார்த்தை. மூடியில் 95டி31ஆர் என்று பொறித்திருந்தால், அந்த 95ஐ அம்பியர்-மணி என்று படிப்பது எங்கள் கடைத்தெருவின் தீராத வியாதி. அது யப்பானியத் தரமுறையின்படி செயல்திறன் வரிசையைக் குறிக்கும் எண். 31 என்பது சென்ரிமீற்றரில் நீளம். நடுவெழுத்து அகல உயரத்தையும் கடைசியெழுத்து நேர்முனை எப்பக்கம் என்பதையும் குறிப்பன. அதன் கொள்ளளவு 20 மணித்தியாலக் கணக்கில் ஏறக்குறைய 80 அம்பியர்-மணிதான்.

ஆகவே, மூன்று சிலிண்டர் மசிபெர்குசன் போன்ற இயந்திரத்துக்குப் பற்றரி வாங்கச் செல்பவர், பழைய பற்றரியின் நீள அகலத்தையும் நேர்முனையின் பக்கத்தையும் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு சென்று, அந்தத் தட்டத்திற் பட்டியால் இறுகப் பூட்டத்தக்கதையே கேட்கவேண்டும். அந்த அளவுக்குள் குளிர்நிலைத் தொடக்க அம்பியர் அதிகமுள்ளதைத் தெரிவதே முறை; பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் அளக்கும் அந்த எண் நமக்கெதற்கு என்று கேட்கலாகாது, குளிர் இங்கில்லாவிடினும் இரண்டு பற்றரிகளை ஒப்பிட அதைவிட நேர்மையான அளவு வேறில்லை. உற்பத்தித் திகதியைப் பாருங்கள்; கடைத் தட்டில் ஓராண்டு தூங்கிய பற்றரி புதியதன்று. மீற்றர் வைத்தால் 12.6 வோல்ற்றை அண்மித்துக் காட்டவேண்டும், 12.4க்குக் கீழே நிற்பதை விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள்.

ஏனைய நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மைச் செலவு வேண்டியதில்லை. சீமெந்துத் தரையில் வைத்தால் பற்றரி இறங்கிவிடும் என்பது மரப்பெட்டிக் காலத்துக் கதை. இன்றைய பிளாஸ்டிக் பெட்டியைத் தரை ஒன்றும் செய்யாது. பெரிய பற்றரி ஓல்டனேட்டரை எரித்துவிடும் என்பதும் வீண்பயமே. பலவீனமான பற்றரிக்கு அசிட் ஊற்றுவது மட்டும் மன்னிக்கத்தகாத அறியாமை: குறைந்துபோவது நீர் மாத்திரமே, அது ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து செல்கிறது, அமிலத்தின் சல்பேற்றோ தகட்டில் ஒட்டியிருந்து, சார்ஜ் ஏறும்போது கரைசலுக்கே திரும்பிவருகிறது, அதற்குமேல் அசிட்டை ஊற்றினால் அது அளவுக்கு மிஞ்சிச் செறிந்து தகட்டை அரித்துவிடும். வடித்த நீரைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். ஸ்குரூட்ரைவரால் இருமுனையையும் தொட்டுப் பொறி பறக்கவிட்டுச் சோதிக்கும் இளைஞர்கள், சார்ஜ் ஏறிய பற்றரியின் வாயில் ஐதரசன் வாயு நிற்கிறதென்பதையும், அது வெடித்தால் முகத்தில் தெறிப்பது அமிலமென்பதையும் அறிந்து அவ்விளையாட்டை இன்றே நிறுத்தவேண்டும்.

செத்த பற்றரியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். உண்மையில் எனக்கு மிகுந்த கவலை தருவது அதுவே. வயற்பக்கத்தில் உடைத்து அசிட்டை வாய்க்காலில் ஊற்றிவிட்டு, உள்ளிருக்கும் ஈயத்தைக் கரையோரத்துக்கு விற்க, அங்கே வலைக்குக் கட்டும் ஈயக்குண்டாக அதை வீட்டு முற்றத்தில், குழந்தைகள் சுற்றிநிற்க, பழைய சட்டியில் உருக்கி வார்க்கிறார்கள். செனகல் நாட்டில் தியாரோய்-சூர்-மேர் என்னும் கடற்கரை ஊரில், பழைய பற்றரிகளிலிருந்து ஈயம் பிரித்த இடத்தின் மண்ணாலும் தூசியாலும் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தனர். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. அடுத்த பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் திகதியை நிர்ணயிக்கும்போதே, பழைய பற்றரிகளை உடைக்காமல் ஓரிடத்திற் சேர்த்துப் பற்றரி விற்கும் கடைகளுக்குத் திருப்பியனுப்பும் ஏற்பாட்டையும் விவசாய அமைப்புகள் தீர்மானமாக நிறைவேற்றவேண்டும். கழிவு விலை கொடுத்து அதை ஏற்காத கடையில் புதிய பற்றரி வாங்குவதில்லை என்ற நிபந்தனையையும் அத்தீர்மானத்திலேயே எழுதிவிடலாம்.