3ஜி டெஸ்ட்: ஓரத்தில் நின்று, நடுவைக் கடந்து

செங்குத்தாக நிற்கும் பிளேட்டில், வி-க்ரூவுக்குள் கீழிருந்து மேலே ராடு ஓட்டிக் காட்டுவதுதான் 3ஜி டெஸ்ட். திருச்சி பாய்லர் பட்டறையோ வளைகுடா வேலையோ, முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். இதில் பலர் தோற்பதற்குக் காரணம் கை நடுக்கம் அல்ல, கை நிற்கக் கூடாத இடத்தில் நிற்பதுதான்.

உருகிய உலோகம் தானாகவே நடுவில் கூடிவிடும். ஓரத்தில் அப்படியல்ல. அங்கே ஆர்க் அரித்த பள்ளம் நிரம்பும்வரை கை நிற்க வேண்டும். அவசரப்பட்டு விலகினால் அண்டர்கட். நடுவில் தயங்கினால் பீட் வயிறு தள்ளிக்கொண்டு வரும். ஆகவே ஓரத்தில் நின்று, நடுவைச் சட்டென்று கடந்து, மறு ஓரத்தில் நில்லுங்கள். கண் குழம்பின் மீது இருக்கட்டும், ஆர்க் வெளிச்சத்தின் மீது வேண்டாம்.

வயிறு தள்ளிய பீட் அழகுக்குறை மட்டுமல்ல. அதன் இருபுறமும் விழும் பள்ளத்தில் ஸ்லாக் ஒளிந்துகொள்ளும், அடுத்த பாஸ் அதை மூடிவிடும், எக்ஸ்-ரே காட்டிக்கொடுக்கும். சுத்தியலும் பிரஷும் போதவில்லை என்றால் கிரைண்டரால் மட்டமாக்கிய பிறகே அடுத்த பாஸ்.

7018 ராடு என்றால் 3.15 மி.மீ.க்கு 100 முதல் 115 ஆம்பியரில் தொடங்கலாம். ராடு பாசிட்டிவில், நுனி சற்றே மேல்நோக்கி, ஆர்க் மிகக் குட்டையாக. ஈரம் இழுத்த ராடை அடுப்பில் காய வைக்காமல் தொடவே வேண்டாம். ரூட் கேப் சுமார் 3 மி.மீ.; வெல்டு ஏற ஏற மேலே இடைவெளி சுருங்கும் என்பதால், டாக் அடிக்கும்போதே மேல்முனையில் சற்றுக் கூடுதலாக விடுங்கள்.

கடைசி பாஸான கேப்பிங்குக்கு முன் க்ரூவ் ஒரு மி.மீ. அளவு குறைந்தே இருக்கட்டும். இரண்டு விளிம்புகளும் உருகாமல் நின்றால்தான் கைக்கு வழி தெரியும்.

ராடு மாற்றும்போது, முந்தைய ராடு விட்ட குழிக்கு 10 மி.மீ. மேலே ஆர்க் பிடித்து, குழிக்கு இறங்கி, அதை நிரப்பிவிட்டு ஏறுங்கள். தொடக்கத்தில் விழும் காற்றுத்துளை அப்போது மறுபடி உருகி மறையும்.

பயிற்சிப் பிளேட்டில் ராடு மாற்றிய இடங்களுக்கு நேரே விளிம்பில் பஞ்ச் குறி போடுங்கள். பிறகு பட்டையாக அறுத்து, ரூட் வெளிப்பக்கம் வரும்படி பிரஸ்ஸில் வளையுங்கள். ஏ.எஸ்.எம்.இ. விதிப்படி 3 மி.மீ.க்கு மேல் வாய் பிளந்தால் தோல்வி. பிளவு குறிக்கு நேரே வந்தால் பயிற்சி வேண்டியது ராடு மாற்றத்துக்கு. வேறு இடத்தில் வந்தால் ரூட் ஓட்டத்துக்கு.