அடைமொழி நிற்குமிடம்

அமெரிக்கக் கல்லூரிகளிற் சேர விழைவோர் எழுதும் எஸ்.ஏ.டி. என்னுந் தேர்வுக்கு என் தம்பி ஆயத்தஞ் செய்துவருகிறான். உதவிச் சம்பளம் கிடைத்தாலன்றிக் கடல்கடந்து சென்று பயிலும் நிலை எம் குடும்பத்திற்கில்லை. ஆதலின் ஒவ்வொரு மதிப்பெண்ணும் அவனுக்குப் பெரிது. அத்தேர்வின் மொழிப்பகுதியில் 54 வினாக்கள். காலமோ 64 நிமிடம். பயிற்சித்தாளில் அவன் தவறியவற்றுட் பெரும்பாலன அடைமொழி பற்றியனவே. தமிழ் படிக்கும் அண்ணனுக்கு இது விளங்குமோ என்னும் ஐயத்தோடுதான் அதனை என்னிடம் கொணர்ந்தான்.

அவன் சரியெனக் குறித்த வாக்கியங்களுள் ஒன்று: 'வாக்கிங் டு ஸ்கூல், தி ரெயின் பிகேன்.' பள்ளிக்கு நடந்து செல்கையில் மழை தொடங்கியது என்பது அவன் கருத்து. ஆங்கில இலக்கணப்படியோ, பள்ளிக்கு நடந்தது மழை! முதலில் நிற்கும் அடைத்தொடர் காற்புள்ளிக்குப் பின்வரும் எழுவாயையே பற்றுமாதலின் இவ்விபரீதம் நேர்ந்தது.

கூர்ந்து நோக்கின் இவ்விதி நமக்குப் புதிதன்று. செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்று வினையெச்சங்களும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியுமெனத் தொல்காப்பிய வினையியல் விதிக்கின்றது. 'பள்ளிக்கு நடந்து மழை தொடங்கியது' என்று நம்மிற் சிறுபிள்ளையுங் கூறாது. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்னும் வழக்கு உண்டே எனின், அதனைப் 'பெய்ய' என்பதன் திரிபாகக் கொண்டு அமைத்துக்கொள்ளலாம்; ஆங்கிலத்திலும் 'ஜெனரலி ஸ்பீக்கிங்' போன்ற சில தொடர்கள் விதிக்குப் புறம்பாய் உலவுகின்றன.

பின் தம்பி இடறியதேன்? 'செல்கையில்' என்பது வேறு வினைமுதலையும் ஏற்கும். அதனை 'இங்' ஈற்றுச் சொல்லாற் பெயர்த்ததே பிழை. அங்கே முதலில் நிற்கும் 'வாக்கிங்' நம் 'நடந்து' போன்றது, 'நடக்கையில்' போன்றதன்று.

இதனினும் நுட்பமானது மற்றொன்று. யானே முதலில் அதனைப் பிழையற்றதென்று சொல்லி நாணினேன். 'பார்ன் இன் வார்சா இன் 1867, மேரி கியூரீஸ் ரிசர்ச் வன் டூ நோபெல் பிரைசஸ்.' '1867இல் வார்சாவிற் பிறந்த மேரி கியூரியின் ஆராய்ச்சி இரண்டு நோபெல் பரிசுகளைப் பெற்றது' என்பது நல்ல தமிழே. 'பிறந்த' என்னும் பெயரெச்சம் ஆறாம் வேற்றுமையேற்ற மேரி கியூரியையே தழுவிக்கொள்கின்றது. ஆங்கில அடைத்தொடரோ அவ்வேற்றுமைப் பெயரைக் கடந்து எழுவாயாகிய ஆராய்ச்சியிடம் போய்ச் சேர்கின்றது. வார்சாவிற் பிறந்தது ஆராய்ச்சியென்றாகின்றது. நம் மொழியிற் செம்மையாயிருத்தலே ஈண்டு நம்மை ஏமாற்றுகின்றது.

திருத்தும் வழி இரண்டு. காற்புள்ளியை அடுத்து மேரி கியூரி என்னும் பெயரையே எழுவாயாக நிறுத்தலாம். அன்றேல் முன்னுள்ள தொடரைத் தனக்கென ஓர் எழுவாயுடைய வாக்கியமாக விரிக்கலாம். இரண்டாவது வழியே தம்பிக்கு எளிதாய்த் தோன்றிற்று. ஆயின் இவ்வகை வினாவில் முற்பகுதி மாற்றவொண்ணாதபடி கொடுக்கப்பட்டு, பிற்பகுதிக்கு மாத்திரமே நான்கு விடைகள் தரப்படுகின்றன. எனவே இப்பொழுது அவன் விடைகளை முழுதும் படிக்குமுன், 'பிறந்தது யார்?' என்று வினவிக்கொண்டு ஒவ்வொன்றின் முதற்பெயரை மட்டும் விரலால் தொட்டுப் பார்க்கிறான்.