ஆமணக்கு ஏன் எப்போதும் இடக்கிளையில்?



மண்டகப்பட்டு மல்லாட்டைக் கொல்லையில் எடுத்த புரோடீனியா புழுக்களை வளர்த்து, அந்துப்பூச்சிகள் ஆமணக்கு இலை வாசனைக்கு வருகின்றனவா என்று நீ சோதித்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்தப் பூச்சியின் இனக்கவர்ச்சிப் பொருளை 1973இல் ஜப்பானில் கண்டறிந்தார்கள். அதைப் பொறியில் வைத்தால் ஆண்தான் விழும். முட்டையிடும் தாயை இழுக்க வரப்போரம் ஆமணக்கு போடச் சொல்கிறோம். அந்தத் தாயை இழுப்பது எந்த வாசனை என்று கேட்டாயே, அதற்கு உன்னை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் பூச்சி இரு கிளையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒய் குழாயில் ஆமணக்குச் சாறு எல்லா ஓட்டத்திலும் இடக்கிளையிலேயே இருக்கிறது. ஏன்? நீ போட்டிருக்கும் படத்தில் ஜன்னலும் அந்தப் பக்கம்தான். பூச்சி வாசனைக்குப் போனதா, வெளிச்சத்துக்குப் போனதா? முதலில் இரு கிளையிலும் வெறும் காற்றை விட்டுப் பார். பூச்சிகள் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி பிரியவில்லை என்றால் கோளாறு அறையில் இருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு, சில பூச்சிகளுக்கு ஒருமுறை பக்கத்தை மாற்று. நான் பயின்ற கூடத்தில் ஒருவர் அரிசி வண்டை வைத்து அழகான முடிவு எடுத்திருந்தார். குழாயைத் திருப்பி வைத்தோம். வண்டுகள் பழைய திசைக்கே போயின. அதற்குள் அந்த முடிவு அச்சேறிவிட்டது.

அடுத்தது நேரம். இரவில் பறக்கும் பூச்சியைப் பகல் 11 மணிக்குக் குழாயில் விட்டிருக்கிறாய். அது அசையாமல் உட்கார்ந்ததில் வியப்பில்லை. அசையாதவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 100 விட்டு 40 நகர்ந்து, அதில் 30 ஆமணக்குப் பக்கம் போனால் 75 சதவீதம் என்று எழுதலாம். சும்மா இருந்த 60 எங்கே போயின? அவற்றையும் அட்டவணையில் காட்டு.

குழாய்க்கு முன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். பீகாரின் பூசாவில் ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர் இருந்தார். சிட்ரோனெல்லா எண்ணெயை நாடிப் பழ ஈக்கள் வருவதையும், வருபவை ஆண்களே என்பதையும் கவனித்து 1912இல் எழுதினார்; 1915இல் மெத்தில் யூஜினால் வரை போய்விட்டார். இன்று மாந்தோப்புப் பொறிகளில் இருப்பது அதுதான். பூச்சி எதை நாடி வருகிறது, எது வருகிறது என்று பார்த்த கண்தான் அவருடைய முதல் கருவி. நீயும் இருட்டிய பிறகு டார்ச்சில் சிவப்புத்தாள் சுற்றிக்கொண்டு ஆமணக்குச் செடியருகே போய் நில். தாய்ப்பூச்சி எந்நேரம் வருகிறதோ, அந்நேரத்தில் கூடத்தில் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், இணைசேர்ந்த பெண்களை மட்டும் விடு.

மார்கழிப் பட்டத்து மல்லாட்டையில் புழு விழுந்ததும் சோதனையை மறுபடி செய். அதுவரை இந்தக் கட்டுரையை எந்த இதழுக்கும் அனுப்பாதே.