நூலும் கடிகாரமும் காற்றும்

லண்டனில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் நியூயார்க்கில் அதே நாள் பகல் 1 மணிக்கு இறங்குகிறது. பயண நேரம் எவ்வளவு? கரும்பலகையில் இக்கணக்கை எழுதி முடிக்குமுன்பே, "மூன்று மணி நேரம், சிஸ்டர்!" என்று கூவியவர்களில் நானும் ஒருத்தி. சிஸ்டர் சிரித்துக்கொண்டே பூகோள உருண்டையும் ஒரு துண்டு நூலும் எடுத்துவரச் சொன்னார்கள்.

தோழியரே, நீங்களும் செய்து பாருங்கள். உருண்டையில் லண்டனிலிருந்து நியூயார்க் வரை நூலை இறுகப் பிடியுங்கள். தேசப்படத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் அது தென்மேற்காகவே இறங்கும். நூலோ முதலில் சற்று வடக்கே ஏறி, அயர்லாந்தைத் தாண்டி, நியூபவுண்ட்லாந்தின் மேலாக வளைந்து செல்கிறது. உருண்டையில் அதுவே மிகக் குறுகிய வழி. அதே நூலைப் பூமத்திய ரேகையின்மேல் வைத்தால் ஏறக்குறைய 50 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் 5,550. இரு விமான நிலையங்களுக்கும் இடையே உண்மையான தூரம் சுமார் 5,540. ஒரு துண்டு நூலுக்கு இது பெரிய சாதனைதானே!

இனிக் கடிகாரம். ஆண்டின் பெரும்பகுதியில் நியூயார்க் லண்டனைவிட 5 மணி நேரம் பின்தங்கியது. அங்கே பகல் 1 என்றால் லண்டனில் மாலை 6. ஆகவே பயணம் 8 மணி நேரம். திரும்பும் விமானம் இரவு 7 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 6.30க்கு வந்துசேர்ந்தால், பதினொன்றரையில் ஐந்து போக, ஆறரையே மிச்சம்!

காரணம் காற்று. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுகிறது. விமானத்தின் வேகம் மணிக்கு 850, காற்றின் வேகம் 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்துப் போனால் வேகம் 750, நேரம் 7 மணி 23 நிமிடம். காற்றோடு வந்தால் வேகம் 950, நேரம் 5 மணி 50 நிமிடம். ஓடுபாதையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணிக்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போகையில் இழந்த நேரத்தை வருகையில் காற்று திருப்பித் தந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். கூட்டிப் பார்த்தால் 13 மணி 13 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போய்வர 13 மணி 2 நிமிடம்தான்! எதிர்காற்றில் அதிக நேரம் அகப்பட்டுக்கொள்கிறோம், உதவும் காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். அதனால் அந்த 11 நிமிடம் நஷ்டம்.

1932 மே மாதம் அமீலியா இயர்ஹார்ட் அம்மையார் நியூபவுண்ட்லாந்திலிருந்து தன்னந்தனியே கிளம்பி, ஏறத்தாழ 15 மணி நேரத்தில் வட அயர்லாந்தில் இறங்கினார். அவருக்குக் காற்று துணை. 1936 செப்டம்பரில் பெரில் மார்க்கம் அம்மையார் இங்கிலாந்திலிருந்து எதிர்த்திசையில் தனியே பறந்தார். வழியும் நீளம், காற்றும் எதிர். 20 மணி நேரத்துக்கு மேல் பறந்து கனடாவின் நோவா ஸ்கோஷியாவை எட்டியபோது எஞ்சின் நின்றது. விமானம் சதுப்பு நிலத்தில் மூக்குக் குத்தி நிற்க, தலையில் காயத்தோடு அவர் இறங்கி நடந்தார்.