செக்ரோலில் பேர் இருந்தும்...



தோட்டத்தில் "பேர்" என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். பிந்திப் போனால் அன்று பேரே இல்லை. செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அடுப்பில் உலை ஏறும். இந்தப் பேரைப் பற்றி நம் மக்கள் எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள்! தேர்தல் இடாப்பில் உள்ள பெயரைப் பற்றியும் அவ்வாறு இருக்கிறோமா என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளர் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். பெரும்பாலும் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளே அவர்களை அனுப்பின. மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டில் பிறந்தவராயினும், தம் தந்தையும் இங்கேயே பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்றோ காட்ட வேண்டும் என்றது அது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத காலத்து லயங்களில் பூட்டனின் பிறப்புக்குச் சாட்சி எங்கே தேடுவது? 1949இல் இன்னொரு சட்டம், பிரசையல்லாதவருக்கு வாக்கில்லை என்றது. 1952 தேர்தலில் அக்காங்கிரசிலிருந்து ஒருவரும் தெரிவாகவில்லை.

இவை யாவும் சட்டப்படியே, பாராளுமன்றத்தில் கையுயர்த்தியே நடந்தன. ஜனநாயகம் என்றால் பெரும்பான்மையினர் சொல்வதுதானே என்று நம் வாலிபர்கள் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நமது சப்பிரகமுவ மாகாணத்திலேயே எழுந்த ஒரு வழக்கைச் சொல்ல விரும்புகிறோம்.

கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லை. அத்தொகுதியின் தேர்தல் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கும்படி கோடக்கன் பிள்ளை என்பவர் கேட்டார். பிரசை அல்ல என்று மறுத்தார்கள். மீளாய்வு செய்த அதிகாரி சிவஞானசுந்தரம் அன்றைய அரசியல் யாப்பை எடுத்துப் பார்த்தார். ஒரு சமூகத்தவருக்கு மட்டும், மற்றோருக்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று அதன் 29ஆம் பிரிவு கூறியது. ஆகவே இச்சட்டங்கள் செல்லா என்று அவர் தீர்ப்பளித்தார். ஓர் அரச உத்தியோகத்தர் அரசாங்கத்தின் சட்டத்தையே செல்லாது என்று எழுதுவது எளிய காரியமா? 1951இல் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும், தன் பிரசைகள் யாரென வகுப்பது நாட்டின் இயல்பான உரிமை என்றும், இவர்கள் விண்ணப்பித்துப் பெற 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வழி வைத்திருக்கிறதே என்றும் கூறி முடித்தது. சட்டத்தின் வார்த்தைகளில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லைதான். ஆனால் அதன் பாரம் எவருடைய தலையில் விழுந்தது என்பது மலையெங்கும் தெரியும். பாதுகாப்புக்கென இருந்த 29ஆம் பிரிவும் 1972 யாப்பில் இடம்பெறவில்லை.

அந்த "வழி" எத்தகையது? ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. சுமார் 134,000 பேரே ஏற்கப்பட்டனர். நிவித்திகலப் பகுதித் தோட்டமொன்றில் வயோதிபத் தாய் ஒருவர் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பழைய கடிதத்தை எம்மிடம் காட்டினார். "எங்கப்பாவுக்கு வந்தது சாமி. அத்தை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவரு, காய்ச்சல்ல கெடந்து ஒண்ணரை வருசம் கழிச்சுத்தான் திரும்பினாராம். அதனால இல்லைன்னுட்டாங்க." தொடர்ச்சியாக வசித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பின்பு 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்பதென்றும் கணக்குப் போட்டார்கள். 1974இல் அந்த எச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எங்கே வாழ விரும்புகிறாய் என்று முதலில் அம்மக்களைக் கேட்கவில்லை. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டுரிமை உண்டு என்று 1948 டிசம்பர் 10இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் சொல்லியிருந்ததை நினைத்துப் பாருங்கள். பிரசாவுரிமை 1988இன் சட்டத்தாலும் இறுதியாக 2003இன் சட்டத்தாலும்தான் மீண்டது.

வாக்கு வந்தது, எல்லாம் வந்துவிட்டதா? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, சபைக்கு வாக்களித்த தோட்ட மக்களின் லயத்துப் பாதைக்கு அச்சபை செலவிட முடியாதிருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். இதற்கு 30 வருடம் சென்றது! நிவித்திகல போல நம்மவர் சிறு தொகையாய்ச் சிங்களக் கிராமங்களுக்கிடையே வாழும் இடங்களில், தனித்து வாக்களித்து ஒருவரை அனுப்புவது கடினம். பக்கத்துக் கிராமத்தவரோடு சேர்ந்தே கேட்க வேண்டியிருக்கிறது. மழைக்கு அறுந்துபோகும் பாதை இருவருக்கும் ஒன்றுதானே.

ஆகவே வீட்டில் இவற்றைப் பேசிக்கொள்ளுங்கள். இடாப்பைத் திருத்தும் காலத்தில் கிராம உத்தியோகத்தரிடம் உங்கள் குடும்பத்தில் 18 வயது நிறைந்தோர் அனைவரின் பெயரும் சேர்ந்ததா என்று கேளுங்கள். கொழும்பில் கடையிலோ வீட்டிலோ வேலைசெய்யும் பிள்ளையின் பெயர் இரண்டிடத்திலும் இல்லாமற்போவது நாம் அடிக்கடி காணும் குறை. அரச அதிகாரிகளால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே தவணை. வழக்கறிஞருக்குக் கொடுக்க இல்லாதவர் அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்பலாம். விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது. தமிழிலேயே எழுதலாம்.

இன்னொன்று. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 2018க்குப் பின் நம் தோட்டத்துக்கு எவ்வளவு செலவிட்டீர்கள் என்று பிரதேச சபையை எழுத்தில் கேட்கலாம். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். கடிதத்தின் பிரதி ஒன்றை வீட்டில் வைத்திருங்கள்.