பொட்டலத்தில் மணந்தது கோப்பையில் எங்கே?

"பொட்டலத்தைப் பிரித்ததும் வீடே மணக்கிறது. போட்டுக் குடித்தால் வெறும் வெந்நீர் மாதிரி இருக்கிறது." மணமூட்டிய தேயிலையைப் பற்றி என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறார்கள். ஸ்ட்ராபெரி, மாம்பழம், ரோஜா என்று மணம் மாறும், குறை ஒன்றுதான். மீதிப்பேர் மூலிகைத் தேநீர் வாங்கியவர்கள். "உடம்புக்கு நல்லதுன்னு வாங்கினேன், வாயில வைக்க முடியல" என்பார்கள்.

இரு தரப்புக்கும் பதில் சொல்லுமுன் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கச் சொல்வேன். ஏலக்காய்த் தேநீர் ஒரு மிடறு எடுத்து, மூக்கை இறுக்கப் பிடித்துக்கொள்ளுங்கள். கசப்பு தெரியும், துவர்ப்பு தெரியும், சர்க்கரை போட்டிருந்தால் இனிப்பும் தெரியும். ஏலக்காய் மட்டும் தெரியாது. விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து ஏலக்காய் மேலேறி வரும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு இப்படி வாயின் பின்வழியாக மூக்குக்குப் போகும் மணம்தான்.

பொட்டலத்தில் என்ன நடக்கிறது என்பது இப்போது விளங்கும். மலிவான மணத்தேயிலையில், காய்ந்த இலையின் மேல் வாசனைச் சாரத்தைத் தெளித்துப் புரட்டியிருப்பார்கள். அது எளிதில் ஆவியாகும் பொருள். மூடிய பையில் தேங்கிக் கிடந்தது, பிரித்ததும் மொத்தமாக மூக்கில் ஏறுகிறது. கோப்பையிலும் கொஞ்சம் வருகிறது. ஆனால் ஸ்ட்ராபெரியின் புளிப்போ மாம்பழத்தின் இனிப்போ அந்த நீரில் இல்லை. மூக்கு பழம் என்கிறது, நாக்கு இல்லை என்கிறது. அந்த ஏமாற்றத்தைத்தான் வெந்நீர் என்கிறோம். பழ மணத் தேநீரில் அரைக் கரண்டி சர்க்கரையும் நாலு சொட்டு எலுமிச்சையும் விட்டுப் பாருங்கள். காணாமல் போன பழம் திரும்பி வரும். சர்க்கரையே கூடாது என்பவர்கள் பழ மணத்தை விட்டுவிட்டு வேறு மணத்துக்குப் போவது நல்லது.

இனி, ஒழுங்காகச் சுவை பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் சுவைக்கூடத்தில் நின்று பழகியவள் நான். அங்கே செய்வதை வீட்டுச் சமையலறையிலும் செய்யலாம்.

தேயிலை வணிகத்தில் சுவை பார்ப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேச முறை இருக்கிறது. 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் ஊறவேண்டும், பாத்திரம் வெள்ளைப் பீங்கான். 6 நிமிடம் ஊறினால் குடிக்கக் கடுமையாகத்தான் இருக்கும். இலையில் இருக்கிற குறையெல்லாம் வெளியே வரட்டும் என்றுதான் அவ்வளவு நேரம். வாங்கிய புதுப் பொட்டலத்தை ஒரே ஒரு முறை இப்படிச் சோதியுங்கள். அதன்பிறகு உங்கள் விருப்பப்படி 3 நிமிடமோ 4 நிமிடமோ வைத்துக்கொள்ளலாம்.

அளவில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கடைத் தூள் ஒரு தேக்கரண்டி தட்டினாற்போல் எடுத்தால் ஏறக்குறைய 2 கிராம் வரும். காய்ந்த பூவோ இலையோ அதே கரண்டியில் அதில் பாதிகூட வராது, அவ்வளவு லேசு. மூலிகைத் தேநீரில் சாரமே இல்லை என்று குறைப்படுகிறவர்கள் பலர் பூவைத் தூளுக்குண்டான அளவில் போட்டவர்கள். கைநிறைய அள்ளிப் போடுங்கள். தண்ணீரையும் கவனியுங்கள். உப்புக்கலந்த போர்வெல் தண்ணீரில் எந்த நல்ல இலையும் மங்கிப்போகும். மேலே எண்ணெய்ப்படலம் போல ஒன்று மிதந்தால் அது தண்ணீரின் சுண்ணாம்பு செய்த வேலை.

கொதிக்கக் கொதிக்க வாயில் வைக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பதைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் வரிசையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் சேர்த்தது. அது ஒருபுறம் இருக்க, அந்தச் சூட்டில் நாக்குக்கு ஒன்றும் பிடிபடாது. சற்று ஆறியதும் ஒரு கரண்டி எடுத்து, சத்தம் வர உறிஞ்சுங்கள். காற்றோடு சேர்ந்து சிதறினால்தான் மணம் பின்வழியாக ஏறும். பிறகு வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு முறை, முழுக்க ஆறியபின் ஒரு முறை. மூன்றாவது மிடறுதான் நீதிபதி. சூடு மறைத்து வைத்த எல்லாவற்றையும் ஆறிய தேநீர் சொல்லிவிடும். சோப்பு வாடை, மருந்து வாடை, நாக்கின் மேல் ஒட்டும் பிசுக்கு எல்லாம் அப்போதுதான் தெரியும். நல்ல இலை ஆறினாலும் குடிக்கலாம்போல இருக்கும்.

சுவைத்ததைச் சொல்ல வார்த்தை வேண்டுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: தமிழைவிட வசதியான மொழியை நான் பார்த்ததில்லை. தேநீரின் உயிர் துவர்ப்பில் இருக்கிறது. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்து வளர்ந்தவர்கள் நாம். அதிலும் இரண்டு வகை பிரித்துப் பாருங்கள். நாவற்பழத் துவர்ப்பு ஈறைப் பிடித்து உடனே விட்டுவிடும். வாயைச் சுத்தமாக்கிவிட்டுப் போகும். சுவைஞர்கள் 'பிரிஸ்க்' என்று பாராட்டுவது இதைத்தான். பிஞ்சு வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் வரும் துவர்ப்பு வேறு. கறையாக ஒட்டிக்கொண்டு போகாது. அது மட்டமான இலை, அல்லது அளவுக்கு மீறி ஊறிய இலை. மணத்துக்கும் அப்படியே. மணம், நெடி, வாடை, வீச்சம் என்று நம்மிடம் படிப்படியாகச் சொற்கள் இருக்கின்றன. சரியாகக் காயாத மூலிகையில் பச்சை வாடை, பழைய வாசனை எண்ணெயில் சிக்கு வாடை, ஈரம் பட்ட இலையில் மக்கல் வாடை. குழம்பில் பச்சை வாடை போனதா என்று முகர்ந்தே சொல்கிற மூக்குக்கு இதெல்லாம் ஒரு வாரப் பழக்கம்தான்.

மணமூட்டுவது என்றாலே கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் மல்லிகைத் தேநீரைத் தெரிந்துகொள்ள வேண்டும். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் ஃபூச்சௌ நகரம் இதற்குப் பேர்போனது. அந்த ஊரின் மல்லிகை, தேயிலைப் பண்பாட்டை உலகின் முக்கிய வேளாண் மரபுகளில் ஒன்றாக ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 2014இல் ஏற்றது. அங்கே பயன்படுவது நமக்கு அந்நியமான பூவல்ல. மதுரை மல்லியும் அதுவும் ஒரே தாவர இனம். நல்ல வெயில் நாளின் பிற்பகலில் மொட்டாகப் பறிக்கிறார்கள். மல்லி இரவில்தான் அவிழும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவிழத் தொடங்கும் நேரத்தில் பூவையும் பச்சைத் தேயிலையையும் கலந்து குவித்து வைக்கிறார்கள். இரவெல்லாம் பூ மணத்தை விட, காய்ந்த இலை அதை இழுத்துக்கொள்கிறது. குவியல் சூடேறினால் பூ வெந்துவிடும். அதனால் நடுவில் பரப்பி ஆற்றி மறுபடி குவிப்பார்கள். காலையில் வாடிய பூவைச் சலித்து எடுத்துவிட்டு, பூவின் ஈரம் ஏறிய இலையை மறுபடி உலர்த்துவார்கள். அடுத்து புதுப் பூ, அடுத்த இரவு. உயர்ந்த ரகங்களுக்கு இதைப் பல முறை திரும்பச் செய்கிறார்கள்.

ஆகவே, பொட்டலத்தில் இதழ் நிறையத் தெரிகிறதே என்று மல்லிகைத் தேநீர் வாங்காதீர்கள். வேலை முடிந்த பூவைப் பெரும்பாலும் சலித்துவிடுவதுதான் வழக்கம். மணத்தை இழந்த இதழ் ஊறினால் கசப்புதான் இறங்கும். கோப்பையில் முதலில் முகருங்கள், பிறகு உறிஞ்சுங்கள். மூக்கில் வந்த மல்லி, விழுங்கியபின் தொண்டையிலும் நின்றால் அது பூவோடு உறங்கி எழுந்த இலை. மூக்கோடு நின்றுவிட்டால் அது தெளித்த மணம். தண்ணீர் 75, 80 டிகிரிக்கு மேல் வேண்டாம். கொதித்த தண்ணீரை மூடாமல் சில நிமிடம் வைத்துவிட்டு ஊற்றுங்கள். கொதிநீரில் பச்சைத் தேயிலையின் கசப்பு மல்லியை மூடிவிடும்.

ஏர்ல் கிரே பற்றி ஒரு வார்த்தை. இதில் மணப்பது பெர்கமாட் என்ற நாரத்தை வகைப் பழத்தின் தோல் எண்ணெய். இத்தாலியின் கலாப்ரியா கடற்கரையில் அதிகம் விளைகிறது. கிடாரங்காய்த் தோலைக் கிள்ளினால் தெறிக்கும் மணத்தோடு கொஞ்சம் பூவாசம் சேர்ந்தாற்போல இருக்கும். இதற்கு ஆறிய மிடறுச் சோதனை கட்டாயம். ஆறியதும் குளியல் சோப்பு நினைவுக்கு வந்தால் அடுத்த முறை வேறு பொட்டலம் பாருங்கள். பால் சேர்க்க வேண்டாம் என்பது என் கட்சி. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலையில் செய்ததாகக் கிடைத்தால் விடாதீர்கள். டிசம்பர், ஜனவரி பனிக்காலத்தில் பறித்த நீலகிரி இலையில் ஒன்றும் தெளிக்காமலே பூவும் எலுமிச்சையும் மணக்கும். மணத்தேயிலை வாங்கத் தொடங்குமுன் அதை ஒரு முறை வெறும் தேநீராகக் குடித்துப் பாருங்கள். மற்றவற்றை எடைபோட அதுதான் படிக்கல்.

மூலிகைத் தேநீருக்கு வருவோம். இவற்றில் பல தேயிலைச் செடியே சேராதவை. ஆகவே பெரும்பாலும் காஃபினும் இருக்காது. சில பொட்டலங்களில் பச்சைத் தேயிலையும் கலந்திருப்பார்கள்; இரவில் குடிப்பவர்கள் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். செய்முறையில் ஒரே விதி: இலை, பூ என்றால் கொதிநீர் ஊற்றி மூடி ஊறவிடுங்கள், வேர், பட்டை, விதை என்றால் அடுப்பிலேயே கொதிக்கவிடுங்கள். துளசியையும் எலுமிச்சைப்புல்லையும் திறந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் மணம் சமையலறைக்குப் போய்விடும், கசப்பு கோப்பைக்கு வரும். மூடியில் துளிர்த்திருக்கும் நீரையும் கோப்பையிலேயே தட்டிவிடுங்கள். எண்ணெய் அதில்தான் இருக்கிறது.

முதலில் சொன்ன மூக்குப்பிடிச் சோதனையை இங்கே திரும்பச் செய்யுங்கள். சுக்கு, இஞ்சி, மிளகு மூன்றும் மூக்கைப் பிடித்தாலும் உறைக்கும். பெப்பர்மின்ட் குளிரும், அதிலுள்ள மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தொடுகிறது. நம் சந்தைப் புதினாவில் மெந்தால் குறைவு என்பதால் மணக்குமே தவிர அந்தக் குளிர்ச்சி வராது. எகிப்திலும் சூடானிலும் 'கர்க்கதே' என்று குடிக்கும் செம்பூத் தேநீர் நிஜமாகவே புளிக்கும். அது புளிச்சை இனச் செடி. நம் வேலியோரச் செம்பருத்தி வேறு, அதில் அந்தப் புளிப்பை எதிர்பார்க்காதீர்கள். பழத் தேநீர்ப் பைகள் பலவும் சிவப்பாகவும் புளிப்பாகவும் இருப்பது இந்தச் செம்பூவை அடியில் போடுவதால்தான். அதிமதுரம் மெதுவாக இனித்து, தொண்டையில் வெகுநேரம் நிற்கும். இப்படி நாக்குக்கும் ஏதாவது தருகிற சரக்கு ஒன்று சேர்ந்த கலவைதான் குடிக்கத் திருப்தியாக இருக்கும். பொட்டலத்தின் பின்பக்கப் பட்டியலில் அதைத் தேடுங்கள்.

சங்குப்பூ இந்தச் சோதனையில் தோற்றுவிடும். நீலம் அழகு, எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறுவதும் அழகு. ருசி என்று பார்த்தால் அவித்த அவரைக்காய்த் தண்ணீரைத் தாண்டாது. இஞ்சியோடு சேர்த்தால்தான் குடிக்க ஆகும். சீமைச்சாமந்தி எனும் கமோமில் கனிந்த ஆப்பிள் போல மணக்கும். அதன் கிரேக்கப் பெயருக்கே தரை ஆப்பிள் என்றுதான் பொருள். தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பகுதியில் விளையும் ரூய்போஸ், பையைக் கோப்பையில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு ஏற்றது. டானின் குறைவு என்பதால் எவ்வளவு நேரம் ஊறினாலும் அவ்வளவாகத் துவர்க்காது, பாலும் தாங்கும்.

ஆவாரம்பூத் தேநீர் பிடிக்கவில்லை என்பவர்கள் இலங்கையில் குடிக்கும் விதத்தில் முயலலாம். அங்கே இதை ரணவரா என்பார்கள். காய்ந்த வில்வப்பூவில் பெலிமல் என்று இன்னொன்றும் உண்டு. இரண்டையும் குடிக்கும்போது கித்துள் வெல்லத் துண்டு ஒன்றைக் கடித்துக்கொள்வார்கள். பானத்தில் கரைக்காமல் பக்கத்தில் வைத்துக் கடிப்பதால் பூவின் மெல்லிய கசப்பும் தெரியும், வாயும் கசந்துபோகாது. நம்மிடம் கருப்பட்டி இருக்கிறது.

மருந்து சாப்பிடுகிறவர்கள் தினமும் ஒரே மூலிகையைத் தொடர்ந்து குடிக்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். அழுத்தம் உள்ளவர்கள் தவிர்ப்பதே சரி. சாமந்திக் குடும்பப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கமோமிலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

வாங்கும்போது 50 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். மல்லியின் மணத்தை ஓர் இரவில் இழுத்துக்கொள்ளும் தேயிலை, உங்கள் அஞ்சறைப்பெட்டியின் மணத்தையும் இழுத்துக்கொள்ளும். பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு மாதம் வைத்த நல்ல டார்ஜிலிங் இலையைத் தூக்கிப் போட நேர்ந்ததில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இறுக மூடும் டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி, தனித் தட்டில் வையுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்ட அந்த ஸ்ட்ராபெரிப் பொட்டலத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். வீணாக்க வேண்டாம். ஒரு லிட்டர் குளிர்ந்த குடிநீரில் 10 கிராம் போட்டு, மூடி, இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். குளிர்நீரில் கசப்பும் துவர்ப்பும் குறைவாகவே இறங்கும், சூட்டில் பறந்துபோகும் மணமும் தங்கும். காலையில் வடிகட்டி, எலுமிச்சையும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துப் பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து முதல் டம்ளரை நீங்கள் குடியுங்கள்; வந்துவிட்டால் மிச்சம் இருக்காது.