அமினோ அமிலங்களும் அன்றாட உணவும்

உடலை இயக்கும் தசை, உடலைப் போர்த்தியுள்ள தோல், குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபின், உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகள், நோயை எதிர்த்து நிற்கும் எதிர்ப்பொருள்கள் ஆகிய யாவும் புரதங்களை அடிப்படையாகக் கொண்டவை. அப்புரதங்களின் மூலக்கூறுகளைக் கட்டியமைக்கும் பொருள்களே அமினோ அமிலங்கள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை மிகுந்திருந்து பயனில்லை. இவ்வுண்மை நம் அன்றாட உணவோடு எவ்வாறு தொடர்புடையது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அமைப்பும் வகைகளும்

ஒரு கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் உண்டு என்பதை நாம் அறிவோம். அவற்றுள் ஒன்றில் அமினோ தொகுதியும், மற்றொன்றில் கார்பாக்சில் தொகுதியும், மூன்றாவதில் ஹைட்ரஜனும், நான்காவதில் ஒரு பக்கச் சங்கிலியும் இணைந்திருப்பதே அமினோ அமிலத்தின் பொது அமைப்பு. பக்கச் சங்கிலி மாறும்போது அமிலத்தின் பெயரும் பண்பும் மாறுகின்றன. நம் உடலின் புரதங்கள் பொதுவாக 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை.

நம் நாட்டுத் தண்ணீர்விட்டான் கொடியின் இனத்தைச் சேர்ந்த ஆஸ்பராகஸ் என்னும் செடியின் சாற்றிலிருந்து 1806இல் அஸ்பராஜின் பிரித்தெடுக்கப்பட்டது. இதுவே முதலில் அறியப்பட்ட அமினோ அமிலம். இருபதில் இறுதியாகக் கண்டறியப்பட்டது திரியோனின். அதனை 1935இல் கண்டறிந்தவர் அமெரிக்க உயிர்வேதியியலறிஞர் வில்லியம் ரோஸ்.

இன்றியமையாத ஒன்பது

இருபதில் பதினொன்றை உடல் தானே ஆக்கிக்கொள்ள வல்லது. லைசின், மெத்தியோனின், டிரிப்டோஃபான், திரியோனின், வாலின், லூசின், ஐசோலூசின், பினைல்அலனின், ஹிஸ்டிடின் ஆகிய ஒன்பதும் உணவின் வழியாகவே வந்து சேர வேண்டும். ஆகவே இவற்றை இன்றியமையா அமினோ அமிலங்கள் என்பர்.

ஈய எழுத்துகளைக் கோத்து மலர் அச்சிட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். அச்சுப் பெட்டியில் மற்ற எழுத்துகள் குவிந்து கிடந்தாலும், 'ழ்' மட்டும் தீர்ந்துவிட்டால் 'தமிழ்' என்ற சொல்லைக் கோக்க இயலாது. உயிரணுவின் நிலையும் இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அச்சகத்தில் எஞ்சிய எழுத்துகளை நாளைக்கு எடுத்து வைக்கலாம். எஞ்சிய அமினோ அமிலங்களை அவ்வாறு சேமித்து வைக்க உடலில் தனிக் கிடங்கு இல்லை. கல்லீரல் அவற்றின் நைட்ரஜனைப் பிரித்து யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் அதனை வெளியேற்றிவிடும். மீதிப் பகுதி எரிபொருளாகவோ கொழுப்பாகவோ மாறும்.

இதனை மனிதரிடமே சோதித்துக் காட்டியவரும் ரோஸ்தான். 1942இல் தொடங்கிய ஆய்வுகளில், இல்லினாய்ப் பல்கலைக்கழக மாணவர்கள் புரதத்துக்கு மாற்றாகத் தூய அமினோ அமிலங்களைக் கொண்ட உணவை உண்டனர். இன்றியமையாத ஒன்றை மட்டும் நீக்கியபோது, உட்கொண்டதைவிட மிகுதியான நைட்ரஜன் அவர்கள் உடலிலிருந்து வெளியேறியது. அஃதாவது, உடல் தன் திசுக்களையே சிதைக்கத் தொடங்கியது. பசியின்மையும் சோர்வும் எரிச்சலும் தோன்றின. நீக்கியதை மீண்டும் சேர்த்தவுடன் அவை மறைந்தன.

சோறும் பருப்பும்

100 கிராம் அரிசியில் சுமார் 7 கிராம் புரதமும், துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதமும் உள்ளன. அளவில் மட்டுமன்றித் தன்மையிலும் இவை வேறுபடுகின்றன. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. மெத்தியோனின் போதிய அளவு உண்டு. பருப்பில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. அரிசியும் உளுந்தும் கலந்த இட்லி, அரிசியும் பாசிப்பருப்பும் கலந்த வெண்பொங்கல், சோற்றோடு சாம்பார் ஆகியவை இதற்குச் சான்றுகள். இரண்டையும் ஒரே வேளையில் உண்ண வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரே நாளில் உண்டாலும் போதும். முட்டை, பால், மீன், இறைச்சி ஆகியவற்றில் ஒன்பதும் நல்ல விகிதத்தில் அமைந்துள்ளன. தமிழகத்தில் 1982இல் தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் இன்று முட்டையும் பயறும் இடம்பெற்றிருப்பதன் பொருள் இதனால் விளங்கும்.

வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் தரமான புரதம் போதும் என்பது இன்றைய பரிந்துரை. 50 கிலோ எடையுள்ள மாணவர்க்கு இது சுமார் 42 கிராம். வளரும் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் இதனினும் கூடுதலாக வேண்டும்.

பிற பணிகள்

புரதம் ஆக்குவதோடு இவற்றின் பணி முடிவதில்லை. டிரிப்டோஃபானிலிருந்து நரம்புச் செய்தியைக் கடத்தும் செரோட்டோனினும், நியாசின் என்னும் வைட்டமினும் உண்டாகின்றன. டைரோசினிலிருந்து அட்ரினலினும் தைராக்சினும் உருவாகின்றன.

கோவையில் ஓர் இடம் மாறினாலும் கேடு விளையும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் அமைந்தால், ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள் வடிவில் வளைந்து, நுண்ணிய குருதிக் குழாய்களை அடைத்துவிடும். இருபெற்றோரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெற்றவர்க்கு இது கடும் நோயாகிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இக்கூறு இருப்பது 1952இல் அறிவிக்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டுவது

தசை வளர்க்கும் ஆசையில் லூசின், ஐசோலூசின், வாலின் ஆகிய மூன்றை மட்டும் கொண்ட பொடிகளை மாணவர் பலர் மிகுந்த விலை கொடுத்து வாங்குகின்றனர். ஒன்பதில் மூன்றை மட்டும் கொண்டு எப்புரதத்தைக் கட்ட முடியும்? அப்பணத்தில் வாங்கும் முட்டையும் கொண்டைக்கடலையும் ஒன்பதையும் தரும். சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் மருத்துவர் கூறும் அளவிலேயே புரதம் உண்ண வேண்டும்.

பல இல்லங்களில் எல்லோரும் உண்டபின் இறுதியில் உண்பவர் தாயே. அப்போது பாத்திரத்தில் சோறு இருக்கும், பருப்பு இராது. தெளிந்த ரசத்தோடு அவர் வயிறு நிறையலாம். ஆனால் லைசின் நிறைவதில்லை. இந்தப் பாடத்தைக் கற்ற நாம் ஒவ்வொருவரும், இன்று வீட்டில் உண்ண அமரும்போது, ஒரு கரண்டிப் பருப்பை அவருக்கென எடுத்து வைத்துவிட்டு உண்போமாக.